அச்சம் துறந்த அன்பு: அசிசி நகரத்துப் பிரான்சிஸ் அடிகள் வரலாறு

நற்காட்சி பெற்றவனுக்கு எழுவகை அச்சமும் இல்லை என்பது நம் ஆசாரியர்கள் காட்டிய தெளிவு. இம்மை பற்றிய அச்சம், மறுமை பற்றிய அச்சம், நோய் பற்றிய அச்சம், மரண அச்சம், காப்பார் இலர் என்னும் அச்சம், ஒளிந்துகொள்ள இடமில்லை என்னும் அச்சம், எதிர்பாராது வருவன பற்றிய அச்சம் என அவை எண்ணப்படும். இவ்வேழினையும் ஊன்றி நோக்கினால், எனது என்று பற்றிக்கொண்ட ஏதோ ஒன்று போய்விடுமே என்னும் நடுக்கமே எல்லாவற்றிற்கும் வேராக நிற்பது புலனாகும். அஞ்சியவன் ஆயுதம் எடுக்கிறான். அந்த ஆயுதத்தைக் கண்டு அடுத்தவன் அஞ்சுகிறான். அவனும் ஆயுதம் எடுக்கிறான். பரிக்கிரகத்தில் பிறந்து, அச்சத்தில் வளர்ந்து, இம்சையில் முடியும் இச்சங்கிலியை அறுப்பதற்காகவே பகவான் மகாவீரர் கொல்லாமையையும் பொருள்பற்று நீக்கத்தையும் ஒரே விரத வரிசையில் வைத்தருளினார்.

நம் ஆகமங்களைக் கண்ணால் கண்டிராத ஒருவர், ஏறத்தாழ 800 ஆண்டுகளுக்கு முன்னர், இத்தாலி நாட்டில், இயேசுநாதர் போதித்த அன்பு வழியில் நடந்து இதே உண்மையை வந்தடைந்தார். அவரே அசிசி நகரத்துப் பிரான்சிஸ் அடிகள். அவருடைய வரலாற்றை நம் குடும்பத்தினர் அறிந்துகொள்வது நன்மை தரும் என்று கருதி ஈண்டுச் சுருங்க எழுதுகிறோம்.

வணிகர் மகன்

இத்தாலியின் நடுப்பகுதியில் உம்பிரியா என்னும் மலைநாட்டில், சுபாசியோ மலைச் சரிவில் அமைந்த சிற்றூர் அசிசி. அவ்வூரில் பியத்ரோ பெர்னர்தோனே என்னும் செல்வமிக்க துணி வணிகருக்கு 1181 அல்லது 1182 ஆம் ஆண்டில் ஓர் ஆண்மகவு பிறந்தது. திருமுழுக்கில் இட்ட பெயர் ஜொவான்னி. வணிகத்தின் பொருட்டுப் பிரான்சு நாட்டிற்குச் சென்று மீண்ட தந்தையோ மகனைப் பிரான்செஸ்கோ என்று அழைத்தார். அப்பெயரே நிலைத்தது; தமிழில் நாம் பிரான்சிஸ் என்கிறோம்.

பிள்ளை கடையிலே தந்தைக்குத் துணையாக இருந்தான். நல்ல உடை, நண்பர் கூட்டம், இரவெல்லாம் பாட்டு, தாராளமான செலவு என்று இளமை கழிந்தது. வணிகத்தில் அவனுக்கு மனம் நிறைவடையவில்லை. குதிரையேறிப் போர்க்களம் புகுந்து வீரனெனப் பெயர் பெறவேண்டும் என்பதே அவன் கனவு.

அக்காலத்தில் இத்தாலியில் ஒவ்வொரு நகரமும் அடுத்த நகரத்தைப் பகையாகக் கருதியது. 1202 ஆம் ஆண்டில் அசிசிக்கும் அண்டை நகரமான பெருஜியாவுக்கும் கொலெஸ்திராதா என்னுமிடத்தில் போர் மூண்டது. அசிசி தோற்றது. பிரான்சிஸ் சிறைப்பட்டார். ஏறத்தாழ ஓராண்டுக் காலம் பெருஜியாவின் சிறையில் கிடந்து, மீட்புப் பணம் செலுத்தப்பட்ட பின்னரே வீடு திரும்பினார். திரும்பியவர் நீண்ட நாள் நோயுற்றார். எழுந்து நடமாடத் தொடங்கியபோது, முன்பு இனித்த காட்சிகள் எவையும் அவருக்கு இனிக்கவில்லை. எனினும் 1205 ஆம் ஆண்டில் மீண்டும் கவசம் பூண்டு தென்னாட்டுப் போருக்குப் புறப்பட்டார். ஸ்பொலேத்தோ என்னும் ஊரில் தங்கிய இரவில் கண்ட கனவொன்று அவரைத் தடுத்து நிறுத்தியது. வீரப்புகழை நாடிச் சென்றவர், எள்ளுவார் எள்ளலைப் பொருட்படுத்தாது, வீடு திரும்பினார்.

முதல் வெற்றி

பிரான்சிஸ் அடிகள் அஞ்சாத இளைஞர் அல்லர். தொழுநோயாளரைக் கண்டால் அவருக்கு நடுக்கம். நெடுந்தொலைவில் அவர்கள் குடில் தெரிந்தாலே மூக்கைப் பொத்திக்கொண்டு வேறு வழியாகச் செல்வார். ஒரு நாள் குதிரைமேல் வரும்போது, வழியில் தொழுநோயாளி ஒருவர் எதிர்ப்பட்டார். குதிரையைத் திருப்ப எண்ணிய பிரான்சிஸ், தம்மைத் தாமே அடக்கிக்கொண்டு கீழே இறங்கினார். அவர் கையில் காசினை வைத்து, அந்தக் கையை முத்தமிட்டார்.

அன்று முதல் தொழுநோயாளர் குடில்களுக்குச் சென்று அவர்தம் புண்களைக் கழுவித் தொண்டு செய்வதை வழக்கமாகக் கொண்டார். தம் இறுதிக் காலத்தில் எழுதுவித்த மரணசாசனத்தில் இந்நிகழ்ச்சியையே தம் மாற்றத்தின் தொடக்கமாக அவர் குறித்துள்ளார். முன்பு கசந்தது பின்பு உடலுக்கும் உயிருக்கும் இனித்தது என்பது அதன் கருத்து. போர்க்களத்தில் தேடிய வீரம், அருவருப்பையும் அச்சத்தையும் வென்ற அந்த ஒரு கணத்தில் அவருக்குக் கிட்டியது. நம் சாத்திரங்கள் விசிகிச்சை என்று பெயரிட்டு, நற்காட்சியின் குற்றமென விலக்கும் அருவருப்பு அதுவே அன்றோ!

ஆடை களைந்த நாள்

அசிசிக்கு வெளியே சான் தாமியானோ என்னும் பாழடைந்த சிறு கோயிலில் பிரார்த்தித்துக்கொண்டிருந்தபோது, அக்கோயிலைச் செப்பனிடுமாறு இறைவன் பணிப்பதாக அவர் உணர்ந்தார். உடனே தந்தையின் கடைத் துணிகளையும் குதிரையையும் ஃபொலிஞ்ஞோ சந்தையில் விற்றுப் பணத்தைக் கொணர்ந்தார். அங்கிருந்த குரு அதனை ஏற்கவில்லை. தந்தையின் பொருளைக் கேளாமல் விற்றது குற்றமே. அதனைப் பின்னர் அவரே உணர்ந்து ஈடு செய்தார்.

சினங்கொண்ட தந்தை மகனை வீட்டில் அடைத்து வைத்துப் பார்த்தார், பயனில்லை. 1206 ஆம் ஆண்டில் அசிசியின் ஆயர் குய்தோ அவர்களிடம் வழக்கு வந்தது. ஊரார் கூடியிருந்தனர். பணத்தைத் திருப்பித் தருமாறு ஆயர் கூறினார். பிரான்சிஸ் பணத்தை மட்டும் வைக்கவில்லை. உடுத்திருந்த உடைகள் அனைத்தையும் களைந்து தந்தையின் முன் வைத்து, பிறந்த மேனியராய் நின்றார். இனி வானகத் தந்தையையே தந்தை என்பேன் என்று சொன்னார். ஆயர் தம் மேலாடையால் அவரைப் போர்த்தினார்.

திகம்பர முனிவர்களை வணங்கும் நமக்கு அக்காட்சியின் பொருளை விளக்க வேண்டியதில்லை. அவர் அதன்பின் முரட்டுத் துணியும் இடையில் ஒரு கயிறும் தரித்தே வாழ்ந்தார் என்பது உண்மை. அவர் ஏற்றது நம் முனிவர்தம் மகாவிரதம் அன்று. ஆயினும், தன்னுடையது என்று சொல்ல ஒரு நூலிழையும் இல்லாதபோது மனிதன் எத்துணை இலேசாகிறான் என்பதை அன்று அவர் கண்டுகொண்டார்.

உடனே அதற்குச் சோதனையும் வந்தது. காட்டு வழியே பாடிக்கொண்டு சென்றவரைக் கள்வர் சூழ்ந்தனர். நீ யார் என்று கேட்டனர். தாம் ஒரு பேரரசரின் தூதர் என்று அவர் விடை கூறினார். அவர்கள் அடித்துப் பனி நிறைந்த பள்ளத்தில் தள்ளிச் சென்றனர். கள்வர் அகன்றதும் எழுந்து, பனியை உதறிவிட்டு, முன்னிலும் உரக்கப் பாடிக்கொண்டு நடந்தார். பறிப்பதற்கு ஏதும் இல்லாதவரிடம் அச்சத்தை மட்டும் எவர் பறிக்க இயலும்?

உடைமையும் ஆயுதமும்

பொன்னும் வெள்ளியும் பையும் இரண்டாவது அங்கியும் இன்றிச் சென்று அமைதியை அறிவிக்குமாறு இயேசுநாதர் தம் சீடர்களுக்கு இட்ட கட்டளையை ஒரு நாள் வழிபாட்டில் கேட்ட பிரான்சிஸ், அதனை அப்படியே மேற்கொண்டார். பெர்னார்டு என்னும் செல்வர் தம் பொருளையெல்லாம் ஏழைகளுக்கு ஈந்துவிட்டு அவருடன் சேர்ந்தார். மேலும் சிலர் வந்தனர். 1209 ஆம் ஆண்டளவில் அவர்கள் உரோமை சென்று, மூன்றாம் இன்னொசென்ட் என்னும் போப்பிடம் தம் வாழ்க்கை முறைக்கு வாய்மொழி இசைவு பெற்றனர். காண்போர் அனைவருக்கும் அமைதி உண்டாகுக என்று வாழ்த்துவதே அவர்கள் வழக்கமாயிற்று. அந்நாளில் அவ்வாழ்த்து புதியதாக இருந்ததால், கேட்டோர் சிலர் வியந்தனர், சிலர் சினந்தனர்.

ஒருமுறை ஆயர் குய்தோ, எவ்வித உடைமையும் இன்றி வாழும் இவ்வாழ்க்கை மிகக் கடுமையாகத் தோன்றுகிறதே என்று இரக்கத்துடன் கூறினார். அதற்கு அடிகள் அளித்த விடை நம் கருத்தில் ஆழப் பதியத் தக்கது. உடைமை இருந்தால் அதனைக் காக்க ஆயுதம் வேண்டியிருக்கும். வழக்குகளும் சண்டைகளும் அதிலிருந்தே பிறக்கின்றன. அவை இறைவனையும் அயலானையும் நேசிக்க விடாமல் தடுக்கின்றன. ஆதலின் நாங்கள் ஏதும் வேண்டோம் என்பது அவ்விடையின் சாரம். அபரிக்கிரகமே அஹிம்சையின் வேலி என்னும் நம் கொள்கையை இதனினும் எளிதாக எடுத்துரைப்பது அரிது.

அவர் வழியைப் பின்பற்றியோர் மூவகையினர் ஆயினர். ஆண் துறவியர் முதற்சபை. 1212 ஆம் ஆண்டில் அசிசியின் உயர்குடிப் பெண்ணாகிய கிளாரா அம்மையார் துறவு பூண, பெண் துறவியர் சபை தோன்றியது. இல்லறத்தில் இருந்தவாறே தவ வாழ்வு நடத்த விரும்பியோருக்கு மூன்றாம் சபை அமைந்தது. 1221 ஆம் ஆண்டில் இல்லறத்தாருக்கென வகுக்கப்பட்ட ஒழுங்கில், எவர்க்கு எதிராகவும் கொலைக்கருவி ஏந்தலாகாது என்னும் விதி இடம்பெற்றது. முனிவர், ஆர்யிகையர், சிராவகர், சிராவகியர் என்னும் நம் நால்வகைச் சங்கத்தையும் சிராவகர்தம் அணுவிரதத்தையும் அறிந்தோர்க்கு இவ்வமைப்பு அயலாகத் தோன்றாது.

கள்வருக்கு விருந்து

போர்கோ சான் செபோல்க்ரோ என்னும் ஊருக்கு மேலே மலைமீது துறவியரின் ஆசிரமம் ஒன்று இருந்தது. அக்காட்டில் மறைந்து வாழ்ந்த கள்வர் அவ்வப்போது அங்கு வந்து உணவு கேட்பர். வழிப்போக்கரைக் கொள்ளையிடுவோர்க்கு உணவளித்தல் தகுமா என்று துறவியரிடையே ஐயம் எழுந்தது. அவ்வழியே வந்த பிரான்சிஸ் அடிகளிடம் அவர்கள் இதனைக் கேட்டனர்.

அடிகள் கூறிய வழி இது. நல்ல உணவாகத் தேடி எடுத்துக்கொண்டு காட்டிற்குச் செல்லுங்கள். கள்வர்களைச் சகோதரர்களே என்று கூவி அழையுங்கள். தரையில் துணி விரித்து, பணிவோடும் மகிழ்ச்சியோடும் பரிமாறுங்கள். அவர்கள் உண்டபின், ஒரே ஒரு வாக்குறுதி கேளுங்கள்: எவரையும் அடிக்கவோ துன்புறுத்தவோ மாட்டோம் என்பது மட்டுமே. எல்லாவற்றையும் ஒரே நாளில் கேட்டால் ஒன்றும் கிடைக்காது. அடுத்த முறை இன்னும் நல்ல உணவு கொண்டு சென்று, அடுத்த படியைக் கேளுங்கள் என்றார்.

துறவியர் அவ்வாறே செய்தனர். கள்வர் தம் வாக்கைக் காத்தனர். பின்னர் விறகு சுமந்து வந்து ஆசிரமத்திற்கு உதவினர். முடிவில் சிலர் துறவியராயினர். ஏனையோர் உழைத்துண்டு வாழ உறுதி பூண்டனர்.

இதனைப் படிக்கும்போது நம் புராணத்து வேடன் கதிரசாரன் நினைவுக்கு வருகிறான். புலால் முழுவதையும் விட இயலாத அவனுக்கு முனிவர் காக்கை இறைச்சி ஒன்றை மட்டும் விடுமாறு விரதம் அளித்தார். உயிர் போகும் நிலையிலும் அச்சிறு விரதத்தைக் காத்த அவனே பின்னொரு பிறவியில் சிரேணிக மகாராஜன் ஆனான். சிறு விரதத்தின் பேராற்றலைத் தூரதேசத்துத் துறவியும் உணர்ந்திருந்தார்.

சுல்தானின் பாசறை

அடிகளின் வாழ்வில் மிகப் பெரிய சோதனை 1219 ஆம் ஆண்டில் நேர்ந்தது. எருசலேமை மீட்பதற்கென்று கிறித்தவ நாடுகள் தொடுத்த ஐந்தாம் சிலுவைப் போர் அப்போது எகிப்தில் நடந்துகொண்டிருந்தது. நைல் நதி கடலொடு கலக்கும் தமியெத்தா நகரைச் சிலுவைப் படை முற்றுகையிட்டிருந்தது. எதிரே சலாதீனின் தம்பி மகனாகிய சுல்தான் அல் காமில் பாசறை அமைத்திருந்தார். இரு பக்கத்தாரும் கடவுள் பெயரையே கூறிக் கொன்றனர்.

ஆயுதமின்றி அங்கு வந்து சேர்ந்த அடிகள், தம் சமயத்தார் தொடுக்கவிருந்த தாக்குதலை வேண்டாமென்று எச்சரித்தார். படையினர் நகைத்தனர். ஆகஸ்டு 29 ஆம் நாள் போரிட்டுப் பெருந்தோல்வியுற்றனர், ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். அதன்பின் சற்றே போர் ஓய்ந்திருந்த வேளையில், இல்லுமினாத்தோ என்னும் துறவி ஒருவரை மட்டும் துணைக்கொண்டு, அடிகள் எதிரியின் பாசறையை நோக்கி நடந்தார். காவல் வீரர் பிடித்து அடித்து, விலங்கிட்டு இழுத்துச் சென்றதாக வரலாறு கூறுகிறது. சுல்தானைக் காண வேண்டும் என்று மட்டும் அவர் கேட்டுக்கொண்டிருந்தார்.

சுல்தான் அவரைக் கொல்லவில்லை. கந்தல் உடுத்திய அந்த மனிதரைச் சில நாட்கள் தம்மிடத்தே இருத்தி, அவர் கூறியவற்றைச் செவிமடுத்தார். அடிகள் தம் நம்பிக்கையை மறைக்கவில்லை. அவர்தம் நம்பிக்கையை இழித்துரைக்கவும் இல்லை. சுல்தான் மதம் மாறவில்லை. அடிகளும் மாறவில்லை. சுல்தான் விலையுயர்ந்த பரிசுகள் அளித்தபோது அடிகள் மறுத்துவிட்டார். பொருளை விரும்பாத அத்தன்மையே சுல்தானை மிகவும் வியக்க வைத்தது. பின்னர் அவரைத் தக்க பாதுகாப்புடன் கிறித்தவர் பாசறைக்குத் திருப்பி அனுப்பினார். அப்போது அங்கிருந்த ஆயர் ஜாக் த வித்ரி என்பவரும் இச்சந்திப்பைத் தம் கடிதத்தில் குறித்துள்ளார்.

போர் நின்றதா என்று கேட்டால், இல்லை என்பதே விடை. அவ்வாண்டு நவம்பரில் தமியெத்தா வீழ்ந்தது. பசியாலும் நோயாலும் அந்நகர மக்களில் பெரும்பாலோர் முன்னரே மடிந்திருந்தனர். 1221 ஆம் ஆண்டில் சிலுவைப் படை நைல் வெள்ளத்தில் சிக்கிச் சரணடைந்தபோது, பட்டினி கிடந்த தம் பகைவர்களுக்குச் சுல்தான் உணவு அனுப்பினார். அது அடிகளின் சந்திப்பால் விளைந்தது என்று கூற நமக்குச் சான்றில்லை. ஆனால், கொடியவர் என்று ஒரு பக்கத்தார் அஞ்சிய மனிதர் எத்தகையவர் என்பதை, வாளோடு சென்ற ஆயிரவரினும் வெறுங்கையோடு சென்ற ஒருவரே முன்னதாக அறிந்தார் என்று துணிந்து கூறலாம்.

1221 ஆம் ஆண்டில் எழுதிய ஒழுங்கில், இசுலாமியரிடையே செல்லும் துறவியர் வாதும் பூசலும் செய்யாமல், எல்லா மனிதர்க்கும் பணிந்து நடக்கலாம் என்னும் வழியை அடிகள் முதலாவதாக வைத்தார். நண்பனோ பகைவனோ, திருடனோ கொள்ளைக்காரனோ, யார் வரினும் அன்போடு வரவேற்க வேண்டும் என்பதும் அதில் உள்ளது.

எவ்வுயிர்க்கும் இரக்கம்

அவருடைய அன்பு மக்களோடு நின்றுவிடவில்லை. அவரது வாழ்க்கையை முதலில் எழுதிய செலானோ ஊர்த் தாமஸ் என்பவர் கூறும் செய்திகள் நம்மவர் உள்ளத்தை உருக்கும். வழியில் புழு ஊர்ந்தால், நடப்போர் காலில் மிதிபடாமல் எடுத்து ஓரமாக விடுவார். கொல்வதற்காகக் கட்டித் தூக்கிச் சென்ற இரு ஆட்டுக்குட்டிகளைத் தம் மேலாடையை விலையாகக் கொடுத்து மீட்டார். தேனீக்களிடமிருந்து தேனைக் கவரும் உலகில், கடுங்குளிரில் அவை மடியாதிருக்கத் தேன் வைக்கச் செய்தார். விறகு வெட்டும்போது மரம் மீண்டும் தளிர்க்குமாறு அடியை விட்டு வெட்டச் சொன்னார். விளக்கின் சுடரை அணைக்கவும் மனம் வராதவர். 1225 ஆம் ஆண்டில் அவர் தம் ஊர் மொழியில் இயற்றிய பாடல், கதிரவன், நிலவு, காற்று, நீர், தீ, நிலம் ஆகியவற்றை உடன்பிறப்புகளாக வைத்துப் போற்றுகிறது. நிலம், நீர், தீ, காற்று, தாவரம் என்னும் ஓரறிவுயிர்களுக்கும் அஞ்சியொழுகும் நம் முனிவர்களை இது நினைவூட்டவில்லையா?

வேறுபாட்டையும் மறைத்தல் கூடாது. பிச்சையில் எது கிடைப்பினும் உண்ணலாம் என்றே அவர் ஒழுங்கு கூறிற்று. புலாலை முற்றும் விலக்கும் நம் நெறி அதில் இல்லை. உயிர்கள் யாவும் ஒரே படைப்பாளன் கையால் ஆனவை என்பதால் அவர் நேசித்தார். எல்லா உயிரும் தன்னுயிர் போன்றதே என்பதால் நாம் நேசிக்கிறோம். வழி வேறாயினும் இரக்கம் ஒன்றே. ஒரு மலையின் இரு சரிவுகளை ஒரே மலையென அறிவது அநேகாந்தம் கற்ற நமக்கு அரிதன்று.

இறுதி நாட்கள்

எகிப்தில் பற்றிய கண்நோய் அவரை ஏறத்தாழக் குருடாக்கியது. 1224 இல் லா வெர்னா மலையில் தவமிருந்தபோது இயேசுநாதரின் ஐந்து காயங்களையும் தம் உடலில் பெற்றார் எனக் கிறித்தவர் நம்புகின்றனர். கண்ணுக்குச் சிகிச்சையென்று காய்ச்சிய இரும்பால் கன்னத்திலிருந்து புருவம் வரை சுட்டபோது, உடனிருந்தோர் காணப் பொறாமல் ஓடினர். அவரோ தீயைச் சகோதரன் என்று விளித்து, மென்மையாக நடந்துகொள்ளுமாறு வேண்டிப் பொறுமையோடு அமர்ந்திருந்தார்.

அந்நோயிலும் அவர் ஒரு பகையைத் தீர்த்து வைத்தார். அசிசியின் ஆயரும் நகரத் தலைவரும் பகைகொண்டனர். ஒருவர் மற்றவரைத் திருச்சபையிலிருந்து விலக்க, அவர் இவருடன் எவரும் கொடுக்கல் வாங்கல் செய்யலாகாதெனப் பறைசாற்றுவித்தார். இதைக் கேட்டு வருந்திய அடிகள், மன்னிப்போரைப் போற்றும் சில அடிகளைத் தம் பாடலில் சேர்த்து, இருவரையும் கூட்டுவித்து, தம் சீடர்களைக் கொண்டு பாடச் செய்தார். நகரத் தலைவர் கண்ணீருடன் மன்னித்தார். ஆயரும் தம் முன்கோபத்தை ஒப்புக்கொண்டு அவரைத் தழுவினார். பரியூஷண முடிவில் க்ஷமாவணி நாளன்று நாம் கைகூப்பிக் கேட்கும் மன்னிப்பு, நெடுநாள் பேசாதிருக்கும் உடன்பிறந்தாரிடம் சென்று சேர்கிறதா என்பதை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

1226 ஆம் ஆண்டு அக்டோபர் 3 ஆம் நாள் மாலை அவர் உயிர் நீத்தார். இறுதி நெருங்கியதும், தம்மை ஆடையின்றி வெறுந்தரையில் கிடத்துமாறு வேண்டினார். மூத்த துறவி ஒருவர் அங்கி ஒன்றைக் கொணர்ந்து, இது உமக்கு உடைமையன்று, இரவலே என்று கூறிய பின்னரே அதனை ஏற்றார். மரணத்தையும் சகோதரி என்று வரவேற்றார். எழுவகை அச்சத்தில் கடைசியாக எஞ்சுவதும் அவரை விட்டகன்றது.

1986 ஆம் ஆண்டு அக்டோபர் 27 ஆம் நாள் போப் இரண்டாம் ஜான் பால் உலகச் சமயங்களின் தலைவர்களை அமைதிக்காகப் பிரார்த்திக்க அழைத்தபோது, தேர்ந்தெடுத்த இடம் அசிசி நகரமே. அங்கு ஜைன சமயத்தாரும் சென்று உலக அமைதிக்காகப் பிரார்த்தித்தனர்.

நாம் இல்லறத்தார். வயலும் கடையும் வீடும் உடையவர்கள். பிரான்சிஸ் அடிகளைப் போல அனைத்தையும் உதறிவிட நம்மால் இயலாது. ஆகவேதான் பரிக்கிரகத்திற்கு எல்லை வகுத்துக்கொள்ளும் அணுவிரதம் நமக்கு அளிக்கப்பட்டது. அவ்வெல்லை சுருங்கும் அளவிற்கு அச்சம் சுருங்கும். அச்சம் சுருங்கும் அளவிற்கு அன்பு விரியும். வரப்புத் தகராற்றிலும் பாகப் பிரிவினையிலும் கைமுட்டி இறுகும்போது, எதை இழக்க அஞ்சுகிறோம் என்று ஒரு கணம் நம்மை நாமே கேட்டுக்கொள்வோமாக. கள்வரிடம் அடிகள் முதலில் கேட்ட அந்தச் சிறு வாக்குறுதியை நாமும் நமக்கு அளித்துக்கொள்வோமாக.

வளர்க அஹிம்சை! வாழ்க ஜினதருமம்!